கடலில் சிந்திய எண்ணெயும் சிதறடிப்பான்களின் பரீட்சையும்

தீபாவளியன்று விடியற்காலையில் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, அரப்புப் பொடியையோ சீயக்காயையோ குழைத்துப் பூசி வெந்நீரில் குளிக்கும் வழக்கம் விருதுநகர்ச் சீமையில் இன்னும் அற்றுப்போகவில்லை. எண்ணெய் வாணிபத்தால் பேர் பெற்ற ஊரில் பிறந்தவர்களுக்கு எண்ணெயின் சுபாவம் சிறு வயது முதலே பழக்கமானது: வெறும் வெந்நீரை எத்தனை செம்பு ஊற்றினாலும் அது முடியை விட்டு அகலுவதில்லை, உசிலை இலையை உலர்த்தி இடித்த அந்தப் பச்சைப் பொடி சேர்ந்தவுடன், பால் கலங்கினாற்போல் நீரோடு நீராக வழிந்து ஓடிவிடுகிறது. அரப்பிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின் என்னும் பதார்த்தமே இதற்குக் காரணம். அதன் மூலக்கூற்றில் ஒரு பகுதி எண்ணெயை நாடும். மற்றொரு பகுதி நீரை நாடும். இரண்டிற்கும் நடுவே நின்று, ஒன்றையொன்று விலக்கும் இரு திரவங்களையும் அது பிணைத்துவிடுகிறது. கப்பல்கள் மோதியோ, குழாய் உடைந்தோ கடலில் பரவிவிட்ட எண்ணெய்ப் படலத்தின்மேல் விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் தெளிக்கப்படும் ரசாயனமும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. துறையிலுள்ளவர்கள் அதை ‘டிஸ்பர்ஸன்ட்’ என்பர். நாம் சிதறடிப்பான் என்று வைத்துக்கொள்ளலாம். தலையில் எண்ணெய் போயிற்றா என்பதை விரலால் தடவி அறிந்துகொள்கிறோம். கடலில் போயிற்றா என்பதை எவ்விதம் அறிவது? அந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக அரை நூற்றாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகள் செய்துவரும் பரிசோதனைகளையும், அவற்றின் முடிவுகள் நம் கடற்கரைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிதறடிப்பானின் அமைப்பு எளிதானது. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பதார்த்தங்கள் சிலவும், அவற்றைப் படலத்தின் உள்ளே கொண்டு சேர்க்கும் கரைப்பான் ஒன்றும் அதில் இருக்கின்றன. இருபது பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு என்பது இக்காலச் செறிவு மருந்துகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இழுவிசை குறைந்த படலத்தை அலை வந்து அடிக்கும்போது அது நுண்ணிய திவலைகளாக உடைகிறது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி, அதில் இருபதில் ஒரு பங்கு விட்டமுள்ள திவலைகளாக உடைவதாக வைத்துக்கொண்டால் எட்டாயிரம் திவலைகள் பிறக்கின்றன. நீர் எண்ணெயைத் தொடும் பரப்பு இருபது மடங்காகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டு, அதில் ஏறக்குறைய எழுபது கூறுக்கு உட்பட்ட திவலைகளாயின், அவை மேலெழும்பி மீண்டும் படலமாகச் சேராமல் நீரோட்டத்தோடு மிதந்து போகும். கடலிலுள்ள பாக்டீரியா வகைகள் அவற்றைப் பற்றிச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். ஆகவே அலை இல்லாமல் இந்த மருந்துக்கு வேலையில்லை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியபோது, முதல் நாட்களில் கடல் அமைதியாக இருந்தபடியால் பரீட்சார்த்தமாகத் தெளித்த மருந்து பலன் தரவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். சிதறடிப்பான் எண்ணெயை அழிப்பதில்லை, நீக்குவதுமில்லை, இடம் மாற்றுகிறது. மேற்பரப்பில் இருந்தது நீரின் உள்ளே போகிறது. கடற்பறவைகளும் கரையும் தப்பலாம். அதே அளவில், நீருக்குள் வாழும் முட்டைகளும் குஞ்சுகளும் எண்ணெயைச் சந்திக்கின்றன. எனவே ‘எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது’ என்று நாம் கேட்பது ‘எவ்வளவு எண்ணெயை நீருக்குள் இறக்குகிறது’ என்பதற்கு நிகரான கேள்வியேயாகும். இதை மறந்துவிட்டு ஆற்றலைத் தனியாகவும் நஞ்சைத் தனியாகவும் பேசியதனால் விளைந்த குழப்பங்கள் இத்துறையில் ஏராளம்.

இந்தப் பரிசோதனைகளின் சரித்திரம் ஒரு பெருந்தவற்றிலிருந்து தொடங்குகிறது. 1967 மார்ச் 18 அன்று, குவைத்துக் கச்சா எண்ணெய் ஏறக்குறைய 1,19,000 டன் ஏற்றிவந்த டாரி கேன்யன் என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதி உடைந்தது. அப்போது கையில் இருந்தவை எஞ்சின் அறைகளைக் கழுவுவதற்கென்று செய்யப்பட்ட கடும் சலவை ரசாயனங்களே. அவற்றில் ஏறக்குறைய 10,000 டன்னைக் கடலிலும் கரைப்பாறைகளிலும் கொட்டினார்கள். எண்ணெய் போயிற்று, ஆனால் பாறைகளைப் பற்றி வாழ்ந்த நத்தையினங்களும் பிற ஜீவராசிகளும் எண்ணெயால் மடிந்ததைக் காட்டிலும் அந்த மருந்தால் அதிகமாக மடிந்தன என்று பிளிமத் கடலுயிர் ஆய்வுக்கூடத்தார் ஆராய்ந்து கூறினர். மருந்து படாத பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய நிலையை அடைந்துவிட, மருந்து கொட்டிய பாறைகள் தேறுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. சுத்தம் செய்வதாக நினைத்துச் செய்த காரியமே சேதத்தின் பெரும்பகுதியாக முடிந்த அந்த அனுபவத்தின் பிறகுதான், நஞ்சு குறைந்த புதிய மருந்துகளும், அவற்றை முன்கூட்டியே சோதித்துச் சான்றளித்த பின்னரே பயன்படுத்தலாம் என்னும் நியதியும் தோன்றின.

சோதிப்பது என்றால் எப்படி? கடலை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவர முடியாது. ஆகவே ஒவ்வொரு தேசத்தாரும் கடலின் ஏதேனும் ஒரு குணத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் பாவனை செய்ய முயன்றனர். பிரிட்டனில் வாரன் ஸ்பிரிங் ஆய்வுக்கூடத்தார் கடல்நீரும் எண்ணெயும் மருந்தும் இட்ட புனற்குடுவை ஒன்றைத் தலைகீழாகச் சுழலும்படி இரண்டு நிமிஷம் சுற்றி, ஒரு நிமிஷம் நிறுத்தி, அடியிலிருந்து நீரை எடுத்து அதிலுள்ள எண்ணெயை அளந்தனர். கனடாவின் டொராண்டோவில் டொனால்ட் மக்கே என்னும் அறிஞர் தம் துணைவர்களோடு அமைத்த கருவியில், நீரின்மேல் காற்றை வீசி அலை எழுப்பினர். பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனத்தார் கண்ட முறை வேறொரு விதத்தில் நுட்பமானது: ஒரு பாத்திரத்தில் புதுக் கடல்நீர் இடைவிடாது பாய்ந்துகொண்டிருக்க, சிதறிய எண்ணெய் பழைய நீரோடு வெளியேறிவிடும், கடலில் சிதறிய திவலைகள் நீர்த்துப்போய் மீண்டும் ஒன்றுகூட வாய்ப்பில்லாமற் போவதை அது ஓரளவு நிகர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994-இல் விதித்தது ‘சுழல் குடுவை’ப் பரிசோதனை. பக்கவாட்டில் மூக்கு வைத்த சிறு கூம்புக் குடுவையில் 120 மில்லிலிட்டர் செயற்கைக் கடல்நீரை ஊற்றி, ஒரு துளி எண்ணெயை மருந்தோடு இட்டு, நிமிஷத்திற்கு 150 சுற்று வீதம் இருபது நிமிஷம் ஆட்டி, பத்து நிமிஷம் அசையாமல் வைத்து, நீரில் தங்கிய எண்ணெய் இட்டதில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிடுவர். அமெரிக்கப் பட்டியலில் இடம்பெற நூற்றுக்கு 45 பங்கு வேண்டும் என்பது அன்றைய விதி.

இந்தச் சுழல் குடுவையில் ஒரு குறை நாளடைவில் வெளிப்பட்டது. ஒரே மருந்தை ஒரே எண்ணெயோடு இரண்டு ஆய்வுக்கூடங்களில் சோதித்தால் இரண்டு விடைகள் வந்தன. ஒரே கூடத்தில் இரு கைகள் செய்தாலும் வேறுபட்டன. குடுவையின் வழவழப்பான சுவரில் நீர் வெறுமனே வட்டமிட்டுச் சுழல்கிறதேயன்றி, மேலும் கீழும் புரளுவதில்லை என்பதும், மூக்கின் வழியே மாதிரி எடுக்கும்போது நீர் கலங்கிவிடுகிறது என்பதும் அதற்குக் காரணங்களாயின. ஆகவே ஆல்பர்ட் வெனோசா, ஜார்ஜ் சோரியல் முதலிய ஆராய்ச்சியாளர்கள், சுவரில் உள்நோக்கிய மடிப்புகளும் அடியில் திருகுகுழாயும் வைத்த ‘தடுப்புக் குடுவை’யைச் செய்தனர். மடிப்புகளில் மோதிய நீர் அலைபோல் புரண்டு எழும். இந்தக் குடுவையில் விடைகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தன. ஆனால் விடைகளே முழுவதும் மாறிவிட்டன! சுழல் குடுவையில் பாதியளவை எட்டத் திணறிய மருந்து, இங்கே முக்கால் பங்கை எளிதில் தாண்டியது. 2023-இல் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டு, தடுப்புக் குடுவையே சட்டப்பூர்வமான முறையாயிற்று. மருந்து அதுவே, எண்ணெயும் அதுவே, மாறியவை கண்ணாடியின் வடிவமும் ஆட்டிய விதமுமே.

இதன் பொருளை வேறெந்த ஊராரைக் காட்டிலும் சிவகாசிக்காரர்கள் விரைவில் உணர்வார்கள் என்று எண்ணுகிறேன். பட்டாசின் ஓசைக்கு 1999 முதல் ஒரு வரம்பு உண்டு: 125 டெசிபல். ஆனால் விதி அத்தோடு நின்றுவிடவில்லை; வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் என்று சேர்த்தே சொல்கிறது. அந்த 4 மீட்டரை எடுத்துவிட்டால் 125 என்ற எண்ணுக்கு அர்த்தமேயில்லை. மருந்துக் கலவை தயாரிக்கும் அறையில் நெடுநாள் வேலை பார்த்த போர்மேன் ஒருவரைக் கேட்டால், வறண்ட காற்றடிக்கும் நாளில் ஒருவிதமாகவும், மழைக்கால ஈரத்தில் வேறுவிதமாகவும் அதே கலவை நடந்துகொள்ளும் என்பதை விவரமாகச் சொல்வார். ஈரம்பட்ட அலுமினியப் பொடி தானே சூடேறும் என்பதைப் பறிகொடுத்த உயிர்களால் கற்ற பூமி இது. சிதறடிப்பானின் ‘நூற்றுக்கு இத்தனை’ என்பதும் அவ்வகையினதே. அது மருந்தின் குணம் மட்டுமன்று. எந்த எண்ணெய், எந்த வெப்பம், எவ்வளவு உப்பு, எத்தனை வேகத்தில் ஆட்டியது, எவ்வளவு நேரம் நிறுத்தியது என்னும் எல்லாவற்றையும் உள்ளடக்கிய எண் அது.

அப்படியானால் குடுவைப் பரிசோதனையால் பயனே இல்லையா என்றால், அவ்விதம் சொல்வது நியாயமாகாது. பத்து மருந்துகளை ஒரே நிபந்தனையில் வைத்து எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்த அது தக்க சாதனம்; முற்றிலும் பயனற்ற சரக்கை வாசலிலேயே தடுத்து நிறுத்தவும் வல்லது. கடலில் நூற்றுக்கு எத்தனை சிதறும் என்று முன்கூட்டிச் சொல்லும் சக்தி மட்டும் அதற்கு இல்லை.

குடுவைக்கும் கடலுக்கும் நடுவே பெரும் தொட்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்திலுள்ள ஓம்செட் தொட்டி 203 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீராழமும் உடையது. உப்புநீர் நிரப்பி, இயந்திரத்தால் உடையும் அலைகளை எழுப்பி, உண்மையான கச்சா எண்ணெயைக் கொட்டித் தெளித்துப் பார்க்கிறார்கள். இங்கே அலை உண்மையாகவே உடைகிறது. எண்ணெய் வெயிலிலும் காற்றிலும் கிடந்து பதமாறிய பிறகும் சோதிக்க முடிகிறது. என்றாலும் தொட்டிக்குச் சுவர் உண்டு. சிதறிய எண்ணெய் எங்கும் போக வழியின்றி அங்கேயே சுற்றுகிறது. முந்திய பரிசோதனையின் மருந்து நீரில் தங்கி அடுத்ததன் விடையை உயர்த்திக்காட்டக்கூடும்.

கடலிலேயே வேண்டுமென்று எண்ணெயைக் கொட்டிச் சோதிப்பதும் நடந்திருக்கிறது. வட கடலில் பிரிட்டிஷ்காரர்களும் நார்வே நாட்டினரும் செய்த அத்தகைய முயற்சிகளால் தெரியவந்த உண்மைகளுள் தலையாயது, காலத்தின் அருமை. கடலில் வீழ்ந்த கச்சா எண்ணெயின் இலேசான பகுதிகள் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடுகின்றன. எஞ்சியது அலையடியில் நீரைத் தன்னுள் வாங்கி, குழைந்த கூழ்போலத் தடித்துப்போகிறது. பாகுத்தன்மை இவ்விதம் பெருகிய பிறகு, மருந்து உள்ளே ஊடுருவாமல் மேலே வழுக்கி ஓடிவிடும். இந்த வாய்ப்புக் காலம் சில சமயம் ஒரு பகலே; சில எண்ணெய்களுக்கு அதுவும் இல்லை.

உண்மையான விபத்தின்போது அளப்பது இன்னும் கடினம். விமானத்திலிருந்து பார்ப்பவர் படலம் மறைந்ததைக் கண்டு வெற்றி என்று எழுதிக்கொள்வார். ஆனால் சிதறடிப்பான் துளிகள் வீழ்ந்த இடத்தில் மெல்லிய படலம் ஒதுங்கி விலகி, தெளிந்த நீர் தெரிவதும் உண்டு. எண்ணெய் அங்கே சிதறவில்லை, நகர்ந்திருக்கிறது. காப்பி நிறத்தில் ஒரு மேகம் நீருக்குள் விரிந்தால் எண்ணெய் சிதறுகிறது என்றும், பால்போல் வெண்மேகம் விரிந்தால் மருந்து எண்ணெயைத் தொடாமல் நேரே நீரில் கரைந்துபோயிற்று என்றும் தேர்ந்த கண்கள் வேறுபடுத்தும். கண்ணை மட்டும் நம்பலாகாது என்பதற்காகவே, படகிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்திலும் அதற்குக் கீழும் நீரை உறிஞ்சி, எண்ணெய் ஒளிரும் அளவைக் காட்டும் ஒளிர்வுமானியால் சோதிக்கும் முறை வகுக்கப்பட்டது. படலத்தின் கீழே தெளிக்கும் முன் ஓர் அளவு, தெளித்தபின் ஓர் அளவு. இரண்டின் வித்தியாசமே சாட்சி. 1996-இல் வேல்ஸ் கரையில் சீ எம்ப்ரஸ் கப்பலிலிருந்து 72,000 டன் இலேசான கச்சா எண்ணெய் சிந்தியபோது, 446 டன் சிதறடிப்பானைக் கரைக்கு அப்பால் உரிய காலத்தில் தெளித்து, இவ்வித அளவைகளால் பலனைச் சரிபார்த்தனர். மருந்தை நான் முற்றிலும் எதிர்ப்பவனல்லன் என்பதற்காகவே இந்த உதாரணத்தைச் சொல்கிறேன்: எண்ணெய் இலேசு, நீரோட்டம் வலிது, ஆழம் போதியது, அளப்பவர் கூடவே இருந்தனர்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து, அதன் எண்ணெய்க் கிணறு 87 நாள் பொங்கியது. அப்போது ஏறக்குறைய எழுபது லட்சம் லிட்டர் சிதறடிப்பான் செலவிடப்பட்டது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு, 1,500 மீட்டர் ஆழத்தில் கிணற்று வாயிலேயே செலுத்தப்பட்டது. அந்தப் பிரயோகத்திற்கு நிகரான பரிசோதனை எந்தக் குடுவையிலும் அதுவரை நடந்ததில்லை. அங்கே எண்ணெய் நுண்திவலையானது மருந்தாலா, அழுத்தத்தோடு பீறிட்ட வேகத்தாலா என்னும் விவாதமும், மருந்து பாக்டீரியாவின் வேலையைத் துரிதப்படுத்தியதா தடுத்ததா என்னும் விவாதமும் இன்றளவும் முற்றுப்பெறவில்லை. அவ்வாண்டே அமெரிக்க முகமை எட்டு மருந்துகளைச் சிற்றிறால் ஒன்றின்மேலும் சிறுமீன் ஒன்றின்மேலும் சோதித்து, மருந்து தனியே எண்ணெயைவிட நஞ்சு குறைந்தது என்றும், எண்ணெயும் மருந்தும் சேர்ந்த கலவை எண்ணெய்க்கு ஏறக்குறைய நிகரான நஞ்சுடையது என்றும் அறிவித்தது. ஆறுதலளிக்கும் முடிவுதான், ஆனால் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய் அந்தச் சிற்றிறாலைத் தேடிச் செல்வதில்லை, சிதறிய எண்ணெய் செல்கிறது என்பதையும் கூட வைத்தே அதை வாசிக்கவேண்டும்.

வெப்பநாட்டுக் கடல்களைப்பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த பாடம் பனாமாவிலிருந்து வந்தது. 1984-இல் அங்கே ஆராய்ச்சியாளர்கள் கண்டல் மரங்களும் கடற்புல்லும் பவளப்பாறையும் அடுத்தடுத்து அமைந்த இரண்டு இடங்களைத் தெரிந்தெடுத்து, ஒன்றில் கச்சா எண்ணெயை அப்படியேயும், மற்றொன்றில் சிதறடிப்பான் கலந்தும் விட்டு, பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். அப்படியே விட்ட எண்ணெய் கரையில் ஒதுங்கிக் கண்டல் மரங்களைக் கொன்றது. பவளம் பெரும்பாலும் தப்பியது. சிதறடித்த எண்ணெய் கண்டலை விட்டுவிட்டுப் பவளத்தையும் கடற்புல்லிடை வாழும் சிற்றுயிர்களையும் தாக்கியது. பத்தாண்டுகளுக்குப் பின் பவளம் தேறியிருந்தது. கண்டல் நிலத்தில் எண்ணெய் அப்போதும் தங்கியிருந்தது. எதைக் காப்பது, எதை இழப்பது என்னும் தீர்மானத்தை மருந்துப் புட்டியின்மேல் அச்சிட்ட எண்ணால் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நம் தேசத்திற்கு வருவோம். இந்தியக் கடல்களில் எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளும் பொறுப்பு கடலோரக் காவற்படையினுடையது; 1996-இல் வெளியான தேசியத் திட்டம் அதற்கு வழிகாட்டி. சிதறடிப்பான்களின் ஆற்றலையும் நஞ்சையும் சோதிக்கும் பணி கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் நடைபெறுகிறது. காவற்படையின் டார்னியர் விமானங்கள் இம்மருந்தைத் தெளித்த சந்தர்ப்பங்கள் பல. 2020 செப்டம்பரில், குவைத்திலிருந்து பாரதீப்புக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு வந்த நியூ டயமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பற்றியபோது, கசிந்த எரிபொருளின்மேல் நம் விமானம் தெளித்தது. நற்பேறாகச் சரக்கு எண்ணெய் சிந்தவில்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 367.1 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84.44 டன் டீசலும் இருந்தன. பருவமழை தொடங்கிய கொந்தளிப்பிலும் காவற்படையினர் மருந்து தெளித்தனர். நடுக்கடலில், ஆழமான நீரில், உயிரைப் பணயம் வைத்து அவர்கள் செய்யும் இவ்வேலை போற்றத்தக்கது. நம் கடற்கரையோரத்து விபத்துக்களின் கதையோ வேறு.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால், காமராஜர் துறைமுகத்திலிருந்து வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் என்னும் கப்பலும் மோதிக்கொண்டன. விருதுநகரில் பிறந்த பெருந்தலைவரின் பெயரைத் தாங்கிய துறைமுகத்தின் வாயிலில் நிகழ்ந்தது என்பதனாலோ என்னவோ, அச்செய்தி எங்கள் ஊரில் வழக்கத்திற்கு மீறிய துக்கத்தோடு பேசப்பட்டது. சிந்தியது கச்சா எண்ணெயன்று. கப்பலை இயக்கும் கனத்த எரிஎண்ணெய். முதலில் அற்பம் என்று கருதப்பட்ட அதன் அளவு, பின்னர்க் கணக்கிட்டபோது இருநூறு டன்னை ஒட்டியிருந்தது. கரைக்கு வந்து சேரும்போது அது நீரை வாங்கித் தடித்துச் சேறுபோலாகிவிட்டது. எர்ணாவூர்ப் பாறைகளுக்கிடையே அது தேங்கியபோது உறிஞ்சு இயந்திரங்கள் அடைத்துக்கொண்டன. மீனவர்களும் மாணவர்களும் காவற்படையினரும் வாளிகளால் மொண்டு கைமாற்றிக் கொடுத்து வெளியேற்றினர். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் தேசத்தில் வாளியா என்று பலர் வெட்கப்பட்டார்கள். அந்த எண்ணெய்க்கு அந்த நிலையில் எந்தச் சிதறடிப்பானும் மருந்தாகியிராது என்பதையும், வாளி ஒன்றே அதைக் கடலிலிருந்து உண்மையாகவே நீக்கிய சாதனம் என்பதையும் நினைத்தால் வெட்கத்திற்கு இடமில்லை. வெறுங்கையால் அந்தச் சேற்றை அள்ளியவர்களின் தோலுக்கும் சுவாசத்திற்கும் தக்க காப்பு அளிக்காததே வருந்தத்தக்கது.

2023 டிசம்பரில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமான சந்தர்ப்பம். மிக்ஜாம் புயலின் பெருவெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளிப்பட்ட எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை அடைந்து, வீடுகளுக்குள்ளும் வலைகளிலும் படகுகளிலும் கண்டல் வேர்களிலும் படிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே நிலவிய நீரை எண்ணிப் பாருங்கள். கடலுக்கென்று செய்த சிதறடிப்பான்கள் கிலோவுக்கு முப்பது முதல் முப்பத்தைந்து கிராம் உப்புள்ள நீரில்தான் முழு ஆற்றலைக் காட்டும். உப்புக் குறையக் குறைய அவற்றின் வலுவும் குறையும். அந்த நாட்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் ஓடியது பெரும்பாலும் மழைநீர். ஆழமும் சொற்பம், பிரிட்டனில் 20 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் தனி அனுமதி பெறாமல் இம்மருந்தைத் தொடவே கூடாது. சான்றிதழில் எத்தனை உயர்ந்த எண் பொறித்திருந்தாலும், உப்புக் குடுவையில் பிறந்த அந்த எண்ணுக்கு வெள்ளம் புகுந்த கழிமுகத்தில் செல்வாக்கில்லை. வடகிழக்குப் பருவத்தில் ஆற்று வெள்ளத்தால் உப்பு இளகும் சோழமண்டலக் கரைக்குத் தனிப் பரிசோதனை வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் வெப்பம். திருத்திய அமெரிக்க விதி 5 பாகையிலும் 25 பாகையிலும் சோதிக்கச் சொல்கிறது. நம் கடலின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதி 28 பாகைக்குக் குறைவதில்லை. வெப்பத்தால் எண்ணெய் இளகி மருந்துக்கு வழிவிடும் என்பது உண்மை. அதே வெப்பம் இலேசான பகுதிகளை விரைவில் ஆவியாக்கி எஞ்சியதைத் தடிக்கச் செய்யும் என்பதும் உண்மை. இவ்விரண்டில் எது எந்த மணியில் முந்தும் என்பதை நம் துறைமுகங்களில் கப்பல்கள் நிரப்பும் எரிஎண்ணெயை, நம் வெயிலில், நம் நீரில் வைத்துத்தான் அறியமுடியும். வட கடலின் அட்டவணையைப் புரட்டி அறியமுடியாது.

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆனால் 1985 வரையில் நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மன்னார் வளைகுடா எங்களுக்கு அந்நியமன்று. எங்கள் பகுதிச் சரக்குகள் கடல் கடப்பதும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகத்தான். அந்தத் துறைமுகத்திற்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையே 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் அமைந்த 560 சதுர கிலோமீட்டர் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றது. அங்கே ஒரு கப்பல் தட்டினால் பனாமாவில் கண்ட அதே இக்கட்டு நம் முன் நிற்கும்: தீவுகளின் கண்டலையா, நீருக்குள்ளிருக்கும் பவளத்தையா, எதைக் காப்பது? விமானம் புறப்படுவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் ஓர் அதிகாரி இதைத் தீர்மானிக்க நேர்வது அநியாயம். எந்த ஆழத்திற்கு அப்பால், எந்த மாதத்தில், எந்த எண்ணெய்க்கு, எத்தனை மணி நேரத்திற்குள் தெளிக்கலாம், எங்கே எக்காரணத்தாலும் கூடாது என்பதைப் பரிசோதனையால் நிச்சயித்து, கரையோர மீனவர்களும் அறிய வரைபடமாக முன்கூட்டியே வைத்திருத்தல் வேண்டும்.

அந்தப் பரிசோதனைகளுக்கு அயல்நாட்டுச் சிற்றிறாலைத் தருவிக்கத் தேவையில்லை. தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1981-இலேயே முத்துச்சிப்பியின் இளம் பருவங்களைத் தொட்டியில் வளர்த்து வெற்றி கண்டவர்கள். மணலிலும் சிறியதான அந்தச் சிப்பிக் குஞ்சு, பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டில் ஒட்டிக்கொள்வதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் நீரில் நீந்தித் திரிகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசித் துணுக்குகளை வடித்து உண்கிறது. சிதறடிப்பான் நன்றாக வேலை செய்யும் நாளில் எண்ணெய் நுண்திவலைகள் வந்து நிறையும் நீரும் அதுவே.